இரண்டு பக் நாய்களும் அவற்றின் மூச்சுச் சத்தமும்: 9 வருட அனுபவம்

முத்து வீட்டுக்கு வந்தபோது இரண்டரை மாதக் குட்டி. என் உள்ளங்கையில் தலையை வைத்துப் படுத்தான், ஐந்தே நிமிடத்தில் குறட்டை. அவ்வளவு சின்ன உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வந்ததும் வீடே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு எடுத்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. இப்போது அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவனுடைய மூக்குத் துளைகள்தான் கண்ணில் படுகின்றன. துளை என்றே சொல்ல முடியாது, இரண்டு கோடுகள். அந்தக் கோடுகள் வழியாகத்தான் அவன் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான்.

முத்துவுக்கு இப்போது 9 வயது. வெளிர் பழுப்பு நிறம், கருத்த முகம். அவனுக்கு 5 வயதானபோது, தெரிந்த குடும்பம் ஒன்று வளர்க்க முடியாமல் விட்ட 2 வயது அம்முவும் எங்களிடம் வந்தாள். அவள் முழுக் கறுப்பு. இந்த இரண்டு பேரோடும் இருந்ததில் நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பக் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், ஏற்கெனவே வளர்த்துக்கொண்டு 'இது இந்த நாய்க்கு இயல்புதானே' என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது உதவும்.

குணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனால் இரண்டு பேரும் பின்னாலேயே வருவார்கள். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். குரைப்பது குறைவு. தனியாக விட்டுவிட்டுப் போனால்தான் முகம் வாடிப்போகும். நாள் முழுக்க ஆளில்லாத வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம்.

சரி, மூச்சு விஷயத்துக்கு வருகிறேன். முத்துவுக்கு 2 வயது இருக்கும். சாயங்காலம் ஐந்தரை மணி, வெயில் இறங்கிவிட்டது என்று நினைத்து வெளியே கூட்டிப்போனேன். வெயில் இறங்கியிருந்தது, புழுக்கம் இறங்கவில்லை. கால் மணி நேரம் நடந்திருப்போம். அவன் மூச்சு முதலில் கரகரவென்று ஆனது, பிறகு ரம்பம் அறுப்பது மாதிரி இழுத்து இழுத்து வந்தது. நாக்கு கரண்டிபோல் அகன்று வெளியே தொங்கியது. நிறம் இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பாகி, ஓரத்தில் நீலம் பாய்ந்தது. வாயோரம் பசைபோல் எச்சில். நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தரையில் படுத்துவிட்டான்.

தூக்கிக்கொண்டு ஓடத்தான் தோன்றியது. அப்படி ஓடாமல், பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் குழாய் இருந்ததைப் பார்த்து அவன் வயிறு, தொடை, பாதமெல்லாம் தண்ணீரை ஊற்றினேன். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு அட்டையை எடுத்து வந்து விசிறிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனோம். அங்கே பார்த்தபோது உடல் சூடு 40.6 டிகிரி செல்சியஸ். நாய்க்கு 38.3 முதல் 39.2 வரை இருந்தால் சரி. "முதல்ல தண்ணி ஊத்துனீங்க பாருங்க, அதுதான் காப்பாத்துச்சு. நேரா தூக்கிட்டு வந்திருந்தா வழியிலேயே சூடு இன்னும் ஏறியிருக்கும்" என்றார் அவர். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடக்கூடாது என்பதையும் அன்றுதான் கேட்டேன். போர்த்திய துண்டு சற்று நேரத்தில் சூடாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் பட வேண்டும்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக்கின் மண்டையோட்டைக் குட்டையாக்கி வளர்த்துவிட்டார்கள், உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துளை குறுகல், உள் அண்ணத்தின் மென்மையான பகுதி நீளம், அது தொண்டைக்குள் தொங்கி மூச்சுப் பாதையை மறைக்கும். இரைக்க இரைக்க அந்தச் சதை வீங்கும், பாதை இன்னும் குறுகும், சூடு இன்னும் ஏறும். இந்தச் சுழலைத்தான் அன்று தெருவில் பார்த்தேன்.

இதற்கு முன்பே ஒரு டாக்டரிடம் குறட்டையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். "பக்னா அப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியால் எங்களுக்கு ஒன்றரை வருடம் போனது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் முத்துவைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், மூன்று நிமிடம் குளிர்ந்த வராந்தாவில் வேகநடையாக ஓட்டச் சொன்னார், உடனே மறுபடி கேட்டார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை இது, 0 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள். 0 என்றால் மூச்சில் சிக்கல் இல்லை, 3 என்றால் மிகவும் மோசம். முத்துவுக்கு 2. மூக்குத் துளையை அகலப்படுத்தி, அண்ணத்தின் நீண்ட பகுதியை வெட்டிவிடலாம் என்றார்.

அறுவைச் சிகிச்சையைவிட மயக்க மருந்துதான் எனக்குப் பயம். பக் வளர்ப்பவர்கள் எந்தச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்டே ஆக வேண்டும். மருந்து கொடுப்பதற்கு முன் ஆக்சிஜன் கொடுப்பீர்களா? முடிந்த பிறகு, நன்றாக விழித்துத் தலையைத் தூக்கும்வரை, மூச்சுக்காகத் தொண்டைக்குள் விட்ட குழாயை எடுக்காமல் ஒருவர் பக்கத்திலேயே இருப்பாரா? இரண்டுக்கும் தெளிவாக 'ஆமாம்' என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்படிச் சொன்னார்கள், ஒரு இரவு அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி இரண்டு மணிக்கு நான் திடுக்கிட்டு எழுந்தேன். சத்தமே இல்லை. விளக்கைப் போடாமல் தடவிப்போய் அவன் விலாவில் கை வைத்தேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக மூச்சு விட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு தூக்கத்தை அவனிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்தபடியோ, பொம்மையை வாயில் கவ்வியபடியோதான் தூங்குவான். வாய் திறந்திருந்தால்தான் காற்று வரும் என்பதால் அவனாகக் கண்டுபிடித்த வழி அது. நாங்கள் அதையும் செல்லச் சேட்டை என்று நினைத்து போட்டோ எடுத்திருக்கிறோம்.

குறட்டை முழுதாகப் போய்விடவில்லை. லேசாக உண்டு. வெயிலும் அவனுக்கு இன்றும் ஆகாது. ஆனால் சாப்பிட்டவுடன் நுரையாகக் கக்குவது நின்றது, மாடிப்படி ஏறிவிட்டு இரைப்பது குறைந்தது. செலவும் பயமும் இருந்தும், இந்த 9 வருடத்தில் அவனுக்காக எடுத்த முடிவுகளில் இதைத்தான் சரியானது என்பேன். இன்னும் ஒரு வருடம் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

வேறொரு சத்தத்தையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். திடீரென்று கழுத்தை நீட்டி, முழங்கையை விரித்து, வாத்து கத்துவதுபோல் உள்நோக்கி மூச்சை இழுக்கும். பார்த்தால் உயிர் போவதுபோல் இருக்கும். இது பின்தும்மல். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் தானாக நிற்கும், தொண்டையை மெதுவாக நீவிவிட்டால் போதும். நாக்கு நீலமாகாமல், முடிந்ததும் பழையபடி விளையாடப் போனால் கவலை வேண்டாம். அடிக்கடி வந்தால் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மேசைமேல் ஏற்றி நிறுத்தினால் எந்த நாயும் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டாது.

எடை. இதில் தப்பு முழுக்க எங்களுடையது. பக்குக்கு 6.3 முதல் 8.1 கிலோ வரை என்று இனத் தரம் சொல்கிறது. 4 வயதில் முத்து 10.2 கிலோ. அவன் பார்க்கும் பார்வையில் 'இன்னும் பசிக்கிறது' என்று எழுதி ஒட்டியிருக்கும், ஆளாளுக்கு ஒரு வாய் கொடுத்துவிடுவோம். கழுத்திலும் நெஞ்சிலும் ஏறும் கொழுப்பு அவன் மூச்சுப் பாதையைத்தான் முதலில் நெருக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் சட்டம் போட்டோம். காலையில் அன்றைய உணவைச் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவோம். யார் எது கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். கூடுதலாகக் கேட்டால் வெள்ளரித் துண்டு. 7 மாதத்தில் 8.2 வந்தான். விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டாம், லேசாகத் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அதுதான் எங்கள் அளவுகோல்.

அப்புறம் கண். பக்கின் கண்குழி ஆழமில்லாதது, விழி வெளியே தள்ளி நிற்கும், இமை சரியாக மூடாது. அம்மு ஒருநாள் காலை எழுந்து வந்தபோது இடது கண்ணைப் பாதி மூடியிருந்தாள். வேறு ஒன்றுமில்லை, சற்று நீர் வடிந்தது. முந்தைய நாள் சாயங்காலம் புல்லுக்குள் முகத்தை விட்டிருந்தாள். வீட்டில் பழைய கண் சொட்டு மருந்து ஒன்று இருந்தது, மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். ஏதோ ஒரு தயக்கத்தில் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஃப்ளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் விட்டு, அறையை இருட்டாக்கி, நீல விளக்கு அடித்துக் காட்டினார். கருவிழியின் நடுவில் கடுகளவு பச்சை ஒளிர்ந்தது. அதுதான் புண். நான் எடுத்துப்போயிருந்த பழைய பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கு. புண் மேல பட்டிருந்தா ஆறவே விடாது, கண்ணே போயிருக்கும்" என்றார். கழுத்துக் கூம்பு மாட்டி, வேறு சொட்டு மருந்து விட்டு, பத்து நாளில் ஆறியது.

பக் ஒரு கண்ணைச் சுருக்கினால் அன்றே டாக்டரிடம் போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சு வேண்டாம், வீட்டு மருந்தும் வேண்டாம். அதே சமயம் கண்ணீர் சுரப்பையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சின்னக் காகிதப் பட்டையைக் கீழ் இமைக்குள் ஒரு நிமிடம் வைப்பார்கள், 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டும். அம்முவுக்கு 9தான் நனைந்தது. கண் வறண்டிருந்ததால்தான் சின்னக் கீறல் புண்ணானது. அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை சைக்ளோஸ்போரின் களிம்பு, அது வாழ்நாள் முழுக்க. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு பேருக்கும் நெஞ்சுவார் மாட்டியதற்கும் மூச்சோடு கண்ணும் ஒரு காரணம். கழுத்தை இறுக்கி இழுத்தால் விழிக்குள் அழுத்தம் ஏறும்.

முக மடிப்பில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். துடைப்பதைவிட உலர்த்துவதுதான் வேலை. புளித்த வாசனை வந்தால் உள்ளே கிருமி வளர்கிறது. முடி கொட்டும், வருடம் முழுக்கக் கொட்டும், கறுப்பு உடையைத் தேடி வந்து ஒட்டும். அம்முவுக்கு முத்துவைவிடக் குறைவு. பல்லுக்கு மட்டும் சோம்பல் வேண்டாம். மற்ற நாய்களைப்போலவே 42 பல் இந்தக் குட்டைத் தாடையில் நெருக்கியடித்து நிற்கும். முத்துவுக்குத் தினம் பல் தேய்க்க ஆரம்பித்தது தாமதமாகத்தான், 7 வயதில் ஐந்து பல் எடுக்க வேண்டிவந்தது.

போன வருடம் இன்னொரு சத்தம். முத்து நடந்து வரும்போது தரையில் 'சர்க்' என்று ஒரு உரசல். கூர்ந்து பார்த்தால் வலது பின்னங்காலைச் சரியாகத் தூக்கி வைக்கவில்லை, நடு நகங்கள் இரண்டும் தேய்ந்து மழுங்கியிருந்தன. பக்குகளுக்கு முதுகெலும்பில் கோளாறு இருப்பது சகஜம். வயதாகும்போது தண்டுவடம் பாதிக்கப்பட்டால் வலி இல்லாமலேயே பின்னங்கால் தளரும். எங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. வழுக்கும் தரை முழுக்க விரிப்பு போட்டோம், கட்டிலுக்கு ஒரு சாய்வுப் பலகை, வாரம் இரண்டு நாள் பயிற்சி. இன்னும் தானாகவே நடக்கிறான்.

பக் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் உடனே 'சரி' என்று சொல்வதில்லை. லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு நோய் பதிவாகும் வாய்ப்பு பக்குகளுக்கு மற்ற நாய்களைவிட ஏறக்குறைய 1.9 மடங்கு. இரண்டு பக்குகள் உள்ள வீட்டில் இருந்துகொண்டு பார்த்தால் அது சரியான கணக்காகத்தான் தெரிகிறது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தாயையும் தகப்பனையும் பாருங்கள். மூக்குத் துளை வட்டமாகத் திறந்திருக்கிறதா, கொஞ்சம் நீண்ட மூக்கா, பத்து நிமிடம் ஓடிவிட்டு வந்தால் மூச்சுச் சத்தம் எப்படி இருக்கிறது? சப்பை மூக்குதான் அழகு என்று விற்கிறவரிடம் வாங்காதீர்கள். அம்முவைப்போல் கைவிடப்பட்டு வீடு தேடும் பெரிய பக் கிடைத்தால் அதை எடுங்கள். எந்தச் சத்தம் போடுகிறது என்பது முன்கூட்டியே தெரியும்.

இப்போது எங்கள் வீட்டில் கட்டிலோரம் ஒரு நோட்டு இருக்கிறது. வாரம் ஒருமுறை இரண்டு பேரும் அசந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதுவோம். 30ஐத் தாண்டினால் டாக்டருக்கு போன். நேற்று முத்து 19, அம்மு 22. எண்ணி முடிக்கும்போது முத்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, பெருமூச்சு ஒன்றை மூக்கு வழியாக விட்டு, மறுபடி தூங்கிப்போனான்.