நடு நாற்காலி யாருக்கு: இசைத்தட்டு, சி.டி., கைப்பேசி

எங்கள் கூடம் 12 அடிக்கு 10 அடி. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நான்கைந்து பேர் அங்கே கூடிப் பாட்டுக் கேட்கிறோம். ஒருவர் இசைத்தட்டு கொண்டுவருவார், ஒருவர் சி.டி. கொண்டுவருவார், இளையவர் கைப்பேசியோடு வந்துவிடுவார். ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் எல்லாருக்கும் பொது. தனியாகக் கேட்பவருக்கு எது சிறந்தது என்பது வேறு கணக்கு. நாலு பேர் சேர்ந்து கேட்க எது ஒத்துவரும் என்பதுதான் எங்கள் சண்டை.

இசைத்தட்டுக்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது. நண்பர் அதை உறையிலிருந்து எடுப்பதே ஒரு காட்சி. விரல் படாமல் இரு உள்ளங்கைகளால் விளிம்பைப் பிடித்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பிரஷ்ஷால் ஒரு சுற்று தூசி தட்டி, முள்ளை இறக்குவார். 'டப்' என்று ஓர் ஓசை, பிறகு லேசான பொரிச்சல். அதற்குள் பேச்சு தானாக அடங்கிவிடும். நடுவில் பாட்டை மாற்ற யாருக்கும் துணிவு வராது. மாற்ற வேண்டுமென்றால் எழுந்து போய் முள்ளைத் தூக்க வேண்டும், அதற்கு அவர் விடமாட்டார்.

ஆனால் ஒலி என்று பார்த்தால் எனக்குக் குறை உண்டு. 1948-இல் வந்த எல்.பி. என்னும் இந்த நெடுநேர இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்கிறது. வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. நீளத்துக்கு ஒலி பதிந்த பள்ளம் ஓடுகிறது, லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலியை அரைவாசிக்கும் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசியில் 'ஸ' வரும் இடமெல்லாம் கரகரக்கிறது. கச்சேரித் தட்டில் இது பெரிய அநியாயம். வித்வான் சூடேறி ஸ்வரம் பொழிவது பக்கத்தின் முடிவில்தான். கரகரப்பும் சரியாக அங்கேதான் காத்திருக்கிறது.

பராமரிப்பையும் சொல்லிவிடுகிறேன். முள்ளின் அழுத்தம் பல கார்ட்ரிட்ஜ்களுக்கு, அதாவது முள்ளைத் தாங்கும் சிறு தலைப்பகுதிகளுக்கு, 2 கிராம் அளவில் இருக்க வேண்டும். தட்டு தேயுமே என்று பயந்து குறைத்தால் முள் துள்ளித் துள்ளித் தட்டை இன்னும் கெடுக்கும். தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் வாங்கிய புதிதில் ஒரு மாதம் எல்லாப் பாட்டுக்கும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சுருதி கேட்டது. எர்த் வயரை ஆம்ப்ளிஃபையரில் மாட்டாமல் விட்டது நான்தான்.

சி.டி. 1982-இல் விற்பனைக்கு வந்தது. 74 நிமிடம் ஓடும். பின்னணியில் பொரிச்சல் இல்லை. தம்புரா தேய்ந்து மறைவதைக் கடைசி இழை வரை கேட்கலாம். காகிதக் கணக்கில் அதன் மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடைவெளி 96 டெசிபல், எல்.பி.க்கு 70 கிடைத்தாலே நல்ல தட்டு. இந்தக் கணக்கை எழுதியவர்கள் மே மாதத்தில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்ததில்லை. மின்விசிறி முழு வேகத்தில் ஓடினால் தம்புராவின் கடைசி இழை அதன் இறக்கைகளுக்குள் போய்விடுகிறது. நிறுத்தினால் ஐந்தாவது நிமிடம் சட்டை முதுகில் ஒட்டுகிறது. இரண்டாம் எண்ணில் வைத்துச் சமரசம் செய்துகொண்டிருக்கிறோம்.

சி.டி. பிளேயரைப் பழையதாகத்தான் வாங்கினேன். வந்த வாரமே ட்ரே வெளியே வர மறுத்தது. "உள்ளே இருக்கிற தட்டு உங்களுடையதுதானே சார்?" என்று கவலையோடு கேட்டார் நண்பர். அவருடையதுதான். மூடியைத் திறந்து பார்த்தால், ட்ரேயை இழுக்கும் சிறிய ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. வேறு பெல்ட் போட்டதும் சரியாகிவிட்டது. பழைய பிளேயர்களில் பெரும்பாலும் முதலில் போவது இதுதான். பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கைப்பேசியின் ஒலியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சி.டி.யில் விநாடிக்கு ஓடும் தரவு 1,411 கிலோபிட், கைப்பேசியின் பாட்டுச் செயலியில் 320. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னேன். நான் உட்பட யாரும் தொடர்ந்து சரியாகச் சொல்லவில்லை. அதன் நோய் வேறு. ஒரு பாட்டு நாற்பது விநாடி ஓடுவதற்குள் "இதைவிட அருமையாக இன்னொன்று இருக்கிறது அண்ணா" என்று கை நீளும். ஒருமுறை வரிசை கலைத்துப் பாடும் பொத்தான் தெரியாமல் அழுந்தியிருந்தது. தனி ஆவர்த்தனம் முதலில் வந்தது, அதற்குப் பிறகு கிருதி, கடைசியில் ஆலாபனை; கச்சேரியே தலைகீழ். யாருக்கோ பழைய பாட்டின் ஒரு வரி மட்டும் நினைவுக்கு வரும்போது, பத்து விநாடியில் முழுப் பாட்டையும் எடுத்து நீட்டுவது மட்டும் அதன் பெருமை. அதை வேறெதுவும் செய்யாது.

கேசட்டைப் பற்றிக் கேட்பீர்கள். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்த பாசம் எனக்கும் உண்டு. பாசம் மட்டும்தான்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு பழைய சி.டி. பிளேயருக்கு. மிச்சப் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும். ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டாமல் ஒன்றரை அடியாவது முன்னால் வையுங்கள். டைல்ஸ் தரையில் ஒரு கோரைப்பாயை விரித்துவிட்டால் எதிரொலி கொஞ்சம் அடங்கும். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருந்தால்தான் பாடகர் நடுவிலும் வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமும் பிரிந்து நிற்பார்கள். அந்த இடம் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் வாய்க்கும்.

எல்.பி. ஓடும்போது இதில் தகராறு வருவதில்லை. இருபது நிமிடத்தில் பக்கம் முடியும், தட்டைத் திருப்புவார்கள், நாற்காலியும் கை மாறும். சி.டி. வந்த பிறகு 74 நிமிடமும் ஒருவரே உட்கார்ந்துவிடுகிறார் என்று புகார் எழுந்தது. இப்போது சி.டி.யையும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி இடம் மாறுகிறோம். மேல் வீட்டு மாமாவிடம் மட்டும் இந்த விதி செல்லுபடியாவதில்லை. நடு நாற்காலியில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் அவர் தூங்கிவிடுகிறார்; எழுப்பப் போவது யார் என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.