மலைப்பாதையில் நாயும் பூனையும்: 4 ஆண்டுக் கார்ப் பயண அனுபவம்

குன்னூரிலிருந்து கோவைக்கு மாதம் ஒரு முறையாவது இறங்கி ஏறும் குடும்பம் எங்களுடையது. வயதான மாமியார் அங்கே இருப்பதால் போனால் இரண்டு நாட்கள் தங்கித்தான் திரும்புவோம். ஆகவே 18 கிலோ எடையுள்ள கோம்பைக் கலப்பு நாய் கருப்பனும் பூனை மணியும் எங்களுடனேயே வருகின்றன. 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பர்லியாறு பாதையில் 2021 முதல் நான் பயன்படுத்திவரும் ஹார்னஸ், பின் இருக்கை விரிப்பு, பூனைக் கூண்டு ஆகிய மூன்றையும் பற்றிய அனுபவம் இது.

முதலில் ஹார்னஸ். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டிக் காரில் பிணைப்பது, திடீரென பிரேக் போட்டால் நாயின் முழு எடையையும் கழுத்திலேயே இறக்கிவிடும் என்பதால், மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸையும், சீட் பெல்ட் பூட்டில் செருகும் நாக்கு உடைய ஒரு சிறிய பட்டையையும் வாங்கினேன். ஏழெட்டு மாதங்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகொரு நாள் பர்லியாற்றைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது; அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பி முடிப்பதற்குள் கருப்பன் என் இடது முழங்கையின் மீது பாதி உடலைச் சாய்த்துக்கொண்டு நின்றான். எதிரே ஒரு பேருந்து இறங்கிக்கொண்டிருந்தது. படுக்க இடம் தேடித் திரும்பியவன், பூட்டின் சிவப்புப் பொத்தானை முன்னங்காலால் மிதித்து அழுத்திவிட்டிருக்கிறான்.

அன்றிலிருந்து பூட்டை நம்புவதில்லை. இருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில், குழந்தை இருக்கைக்காக வைத்திருக்கும் ஐசோஃபிக்ஸ் இரும்பு வளையத்தில் பட்டையைக் கொக்கியால் மாட்டுகிறேன். பட்டையின் நீளமும் முக்கியம்: நாய் உட்காரவும் படுக்கவும் முடிய வேண்டும், ஆனால் முன் இருக்கைகளின் இடைவெளியை மூக்கால்கூட எட்டக் கூடாது. எங்கள் வண்டியில் அது ஏறக்குறைய இரண்டு சாண். கடையில் ‘பாதுகாப்பு’ என்று எழுதி விற்பவை எல்லாம் விபத்தைத் தாங்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 2013-இல் அமெரிக்காவின் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் பெரும்பாலான ஹார்னஸ்கள் தேறவில்லை. என்னுடையதும் நாயை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் கருவியே தவிர, அதற்கு மேல் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

முன், பின் இருக்கைகளுக்கு இடையே தொட்டில்போல் மாட்டும் விரிப்பை, அழுக்கு படாமல் இருக்கத்தான் வாங்கினேன். ஆனால் கால் வைக்கும் பள்ளத்தை அது மூடிவிட்ட பிறகுதான், ஒவ்வொரு வளைவிலும் நான்கு கால்களையும் அகட்டிக்கொண்டு நடுங்கி நின்ற நாய் படுக்கவே பழகியது. அடிப்பக்க ரப்பர் இரண்டு ஆண்டுத் துவைப்பில் உரிந்துவிட்டது என்பதே குறை.

மணியின் பிளாஸ்டிக் கூண்டை ஆரம்பத்தில் இருக்கையின் மேல் வைத்து, ஒரு முறை அது உருண்டு விழுந்தது. இப்போது முன் இருக்கைக்குப் பின்னால் தரையில் இறுக்கமாகச் செருகி, மேலே துண்டு போர்த்திவிடுகிறேன்; வெளியே எதுவும் தெரியாததால் கத்தலும் குறைந்தது. எவ்வளவு கெஞ்சினாலும் ஓடும் வண்டியில் கூண்டைத் திறப்பதில்லை.

கருப்பனின் வாந்திக்கு மட்டும் நெடுநாள் தீர்வு கிடைக்கவில்லை. கிளம்பும் முன் பாசத்தோடு ஊட்டிய இட்லிதான் காரணம் என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகு, பயணத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடுகிறோம். நாக்கால் உதட்டைத் திரும்பத் திரும்ப நக்குவதும், கொட்டாவியும், நூல்போல எச்சில் ஒழுகுவதும் அடுத்து வருவது என்ன என்பதற்கான அறிகுறிகள். கண்டவுடன் அகலமான இடத்தில் நிறுத்தி, கழுத்துக் கயிற்றை மாட்டிய பிறகே கதவைத் திறக்கிறேன். சாலையோரக் குரங்கைக் கண்டு நாய் பாய்ந்தால் ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, மறுபக்கம் லாரி. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், எவர்சில்வர் கேனில் தண்ணீரும் ஒரு கிண்ணமும் வீட்டிலிருந்தே வந்துவிடுகின்றன.

மலையில்தான் குளிர்கிறதே என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடைக்குப் போவது எங்கள் ஊரில் பலர் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன். வெளியே 24 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் பத்தே நிமிடங்களில் 34 டிகிரியைத் தொட்டுவிடும். நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்க்காத நாய், மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்க வேண்டும். கோடை சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடும் நாட்களில் நெரிசலில் நிற்கும் நேரமும் கூடுவதால், ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறோம்.

சென்ற மாதம் ஹார்னஸின் மார்புப் பகுதியில் தையல் பிரிந்திருந்ததைக் கவனித்தேன். தைத்துப் போடலாம் என்றார் மனைவி. நான் புதிதாக வாங்கிவிட்டேன். பழையது இப்போது மாலை நடைக்கு மட்டும்.