டியூக்கா, வட கரோலினாவா?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சுமார் 16 கிலோமீட்டர் இடைவெளியில் டியூக், வட கரோலினா என இரண்டு பல்கலைக்கழகங்கள். ஆண்கள் கூடைப்பந்தில் இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

தேசியப் பட்டங்கள் வட கரோலினாவுக்கு 6, டியூக்குக்கு 5. ஆனால் வந்த வழி வேறு. 1957 இறுதியாட்டத்தில் நட்சத்திர வீரர் வில்ட் சேம்பர்லின் ஆடிய கன்சாஸ் பல்கலைக்கழக அணியை மூன்று கூடுதல் நேரம் வரை இழுத்து 54-53 என வென்றது வட கரோலினா. அந்த சீசனில் ஒரு தோல்விகூட இல்லை. அப்புறம் பயிற்சியாளர் டீன் ஸ்மித் காலம். 1982இல் முதலாமாண்டு மாணவர் மைக்கேல் ஜோர்டன் கடைசி நொடிகளில் இடப்பக்கத்திலிருந்து எறிந்த பந்து பட்டத்தைத் தந்தது. டியூக்கின் 5 பட்டங்களும் மைக் ஷஷெவ்ஸ்கி என்ற ஒரே பயிற்சியாளர் வாங்கித் தந்தவை, முதலாவது 1991இல்.

அரங்கம் என்றால் என் ஓட்டு டியூக்குக்கே. 1940இல் திறந்த கேமரன் அரங்கில் 9,314 பேர்தான் கொள்ளும். மாணவர்கள் ஆடுகளத்தை ஒட்டியே நின்று கத்துவார்கள். கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறிய வரும் எதிரணி வீரரின் முதுகுக்குப் பின்னால் அத்தனை கைகளும் நீளும். வட கரோலினா அரங்கில் 20,000 பேருக்கு மேல் உட்காரலாம், ஆனால் அந்த நெருக்கம் வராது.

சரி, வரலாற்றில் யார்? என் கணக்கில் வட கரோலினாதான். 2022 தேசிய அரையிறுதியில் டியூக்கை 81-77 என வீழ்த்தி, ஷஷெவ்ஸ்கியின் கடைசி ஆட்டத்தைத் தோல்வியாக்கியதும் அவர்களே.