நைவாஷாவும் நகுருவும்: ஒரே பள்ளத்தாக்கு, இருவேறு நீர்

கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கில் அமைந்த இவ்விரு ஏரிகளிலிருந்தும் ஆறு எதுவும் வெளியேறுவதில்லை. வெயில் மிகுந்த நிலத்தில் அத்தகைய ஏரி உவர்ப்பாவதே இயல்பு. சுமார் 1,760 மீட்டர் உயரத்திலுள்ள நகுரு அவ்வாறே கார உப்புகள் மிகுந்த சோடா ஏரியாயிற்று. ஆனால் சுமார் 1,880 மீட்டர் உயரத்திலுள்ள நைவாஷா நன்னீராகவே இருப்பது என்னைத் தொடர்ந்து வியக்கவைக்கிறது. அபர்டேர் மலைகளிலிருந்து மலேவா ஆறு இடையறாது புதுநீரைக் கொண்டுவர, ஏரியின் நீர் எரிமலைப் பாறைகளின் ஊடே நிலத்தடியில் கசிந்து, உப்பையும் தன்னோடு எடுத்துச் சென்றுவிடுகிறது.

நகுருவுக்கு வரும் நிஜோரோ போன்ற ஓடைகள் சிறியவை, கோடையில் வற்றக்கூடியவை. எனினும் அதன் கார நீரில் செழிக்கும் நீலப்பச்சைப்பாசியே சிறு பூநாரைகளின் உணவு. 2010-க்குப் பின் நீர்மட்டம் உயர்ந்து உவர்ப்பு குறைந்ததால் பாசி அருகியது. பறவைகளில் பெரும்பகுதி பொகோரியா முதலிய ஏரிகளை நாடியது. நன்னீர் பெருகியதே இங்கு இழப்பாக முடிந்தது.

நைவாஷாவின் கவலை வேறு: மீன்பிடிப்போரும் நீர்யானைகளும் நம்பியிருக்கும் அதே நீரைத்தான் கரையோர மலர்ப்பண்ணைகளும் இறைக்கின்றன.