அம்பாசிடரின் மழுங்கிய டிரெயின் பிளக்: எட்டு ஆண்டு அனுபவம்

பெரியப்பாவின் 1984-ஆம் ஆண்டு மார்க் 4 அம்பாசிடர் 2017-இல் என் பொறுப்புக்கு வந்தது. பிரிட்டனின் பி.எம்.சி. கார் நிறுவன வழிவந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினின் ஓட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. முதல் ஆயில் மாற்றத்துக்காக வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தபோதுதான், எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பில் இருந்த டிரெயின் பிளக்கின், அதாவது ஆயிலை வடிக்கக் கழற்றும் திருகின், அறுகோணத் தலை ஏறக்குறைய வட்டமாகிவிட்டது தெரிந்தது. ஆறு மூலைகளும் மழுங்கி, பக்கங்களில் பைப் ரெஞ்சின் பல்தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது.

இது ஒரே நாளில் வந்த கேடு அல்ல. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழியில் வந்த வண்டி என்பதால் இதன் நட்டு போல்ட்டுகளில் பெரும்பாலானவை அங்குல அளவிலானவை. பட்டறையில் முதலில் கைக்கு வருவதோ மில்லிமீட்டர் ஸ்பேனர். ஸ்பேனர் சற்றே தளர்வாக இருந்தாலும், அது தலையின் தட்டைப் பக்கத்தைப் பிடிக்காமல் மூலையை மட்டுமே பிடித்துத் தேய்க்கும். இதற்கு மேல், ஒழுக்கு கண்டால் பழைய செம்பு வாஷரை மாற்றாமல் இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிடும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. முப்பது ஆண்டுகளாக இப்படி இறுக்கப்பட்ட பிளக் எளிதில் கழலும் என்று எதிர்பார்த்திருக்கக் கூடாது.

எஞ்சினைச் சூடாக்கி, துரு இளக்கும் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டு, ஓர் அளவு சிறிய ஆறுமுனை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றிப் பார்த்தேன், அது வழுக்கியது. எதிரெதிர்ப் பக்கங்களை அரத்தால் தட்டையாக்கியும் பயனில்லை. உளியைத் தலையின் விளிம்பில் சாய்த்து அடிப்பது பலர் சொல்லும் வழி. நான் இரண்டு அடியோடு நிறுத்திக்கொண்டேன், ஏனெனில் அடி தவறினால் சம்பின் தகடு கிழியும். தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து கழற்றலாம் என்று லேத் பட்டறைக்காரரிடம் கேட்டபோது அவர் உறுதியாக மறுத்துவிட்டார்: "உள்ள ஆயில் இருக்கு தம்பி, நெருப்பு மட்டும் காட்டாதீங்க." அவர் சொன்னது முற்றிலும் சரி. பிளக் கழலாமல் ஆயிலை முழுதாக வடிக்க முடியாது. வடிக்காமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

அந்த முறை, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் துளை வழியே மெல்லிய குழாய் விட்டு, கைப்பம்பால் ஆயிலை உறிஞ்சி எடுத்தேன். அவசரத்துக்கு இது நல்ல வழிதான், ஆனால் அடியில் தங்கிய கசடு இதில் வராது.

இறுதியில் வேலையை முடித்தது, மழுங்கிய தலைகளைக் கழற்றுவதற்கென்றே உள்ளே இடப்பக்கச் சுருள் பற்கள் வெட்டப்பட்ட மழுங்கல் சாக்கெட். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் 19 மி.மீட்டரோடு நின்றுவிடுகின்றன, அம்பாசிடரின் பிளக் தலை அதைவிடப் பெரியது என்பதால் பெரிய அளவைத் தனியே தேடி வாங்க நேர்ந்தது. சாக்கெட்டைப் பொருத்துமுன், பிளக் தலையின் நேர் நடுவில் சுத்தியலால் நான்கைந்து முறை திடமாக அடித்தேன். மரையிலும் வாஷரிலும் இருந்த பிடிப்பை அந்த அதிர்வுதான் உடைத்தது என்பது என் கணிப்பு. பிறகு சாக்கெட்டை ஆழமாக அடித்து இறக்கி, நீண்ட கைப்பிடியை ஒரே சீராக அழுத்தினேன். மழுங்கிய தலையில் பற்கள் கடித்து இறங்குவது கையில் தெரிந்தது. பின் 'டக்' என்று ஓர் ஓசையுடன் பிளக் கால் சுற்று நகர்ந்தது. ஆயில் வடிந்து முடிந்த பின்னும் தாரைப் போன்ற கரிய கசடு சொட்டிக்கொண்டே இருந்தது.

இந்தச் சாக்கெட் பிளக்கைத் தின்றுதான் கழற்றும். கழன்ற பிளக்கை மறுபடி போட முடியாது. ஆகவே புதிய பிளக்கும் வாஷரும் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். நான் அதை அறியாததால், வண்டி மூன்று நாள் ஸ்டாண்டிலேயே நின்றது. பழைய பிளக்கை அளவு பார்த்து, சற்று உயரமான தலையுடன் அதே லேத் பட்டறையில் புதியதைக் கடைந்து வாங்கினேன். தலை உயரமாக இருப்பதால் ஸ்பேனர் முழுதாக அமர்கிறது.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 20டபிள்யூ-50 ஆயில் மாற்றி வருகிறேன். ஒவ்வொரு முறையும் முதல் சில சுற்றுகளைக் கைவிரலால் ஏற்றி, குட்டையான ஸ்பேனரால் மணிக்கட்டுப் பலத்தில் மட்டும் இறுக்குகிறேன். புதிய செம்பு வாஷர் கிடைக்காதபோது, பழையதை மங்கலாகச் சிவக்கும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் அது மீண்டும் மிருதுவாகிவிடுகிறது. எட்டு ஆண்டில் ஒருமுறை லேசான கசிவு வந்தது. வாஷரை மாற்றியதும் நின்றது. மழுங்கல் சாக்கெட்டை நண்பர்களின் வண்டிகளுக்கும் நான்கு முறை கொடுத்திருக்கிறேன். அதன் பல் நுனிகள் இப்போது தேயத் தொடங்கியிருக்கின்றன. இன்னும் இரண்டு பிளக்குக்குத் தாங்கும் என்று நினைக்கிறேன்.