லீவுக்கு மதுரை போனபோது ஒரு சைக்காலஜிஸ்ட்டைத் தேடினேன்

இங்கிலாந்துக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. இங்கே என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையில் டாக்கிங் தெரபீஸ், அதாவது பேச்சு வழிச் சிகிச்சைக்கு நாமே பெயர் கொடுக்கலாம், காசு கிடையாது. நானும் கொடுத்து, காத்திருந்து, எட்டு தடவை போய்ப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "ஒண்ணுக்கும் உதவாதவ" என்று சின்ன வயசிலிருந்து கேட்டதை இங்கிலீஷில் சொல்லும்போது, அது வேறு யாருக்கோ நடந்தது மாதிரி இருந்தது. அதனால் இந்த ஜூலையில் ஐந்து வாரம் மதுரையில் இருக்கும்போது தமிழில் பேச ஒருவரைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணித்தான் கிளம்பினேன்.

முதலில் போன இடம் சரியில்லை. சித்திக்குத் தெரிந்தவர், வாசலில் கவுன்சிலர் என்று போர்டு. நான் பேசத் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, "வெளிநாட்டு வேலை, சொந்த வீடு, இன்னும் என்னம்மா குறை உனக்கு?" என்றார். 800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாயந்தரமே நான் அங்கே சொன்னது சித்தி காதுக்கு வந்துவிட்டது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் ஒழுங்காக விசாரித்தேன். சைக்யாட்ரிஸ்ட் என்றால் டாக்டர், மருந்து எழுதுவார். பேச்சு வழியாகச் சிகிச்சை வேண்டுமென்றால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைத் தேட வேண்டும். அவர்கள் ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். போனிலேயே பதிவு எண்ணைக் கேளுங்கள், தப்பே இல்லை. நான் கேட்டபோது இரண்டு பேர் மழுப்பினார்கள், மூன்றாவது அம்மா கேட்ட உடனே சொன்னார். அவரிடமே போனேன். 50 நிமிஷத்துக்கு 1,200 ரூபாய்.

முதல் நாள் அறிவுரையே இல்லை. நம்மை நாமே எவ்வளவு மதிக்கிறோம் என்று அளக்க ரோசன்பர்க் என்பவர் 1965இல் வெளியிட்ட பத்துக் கேள்விகளைத் தமிழில் கொடுத்து நிரப்பச் சொன்னார். 'நான் பெருமைப்பட என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை' என்ற வரியில் பேனா நின்றுவிட்டது, அவர் அவசரப்படுத்தவில்லை. அடுத்த தடவை ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். மனசு என்னைத் திட்டும்போதெல்லாம் அந்த வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், பக்கத்தில் அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று எழுத வேண்டும். நான் இங்கிலீஷில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். படித்துவிட்டு, "இதை வீட்ல எப்படிச் சொன்னாங்களோ அப்படியே எழுதுங்க" என்றார். எழுதினேன், கை நடுங்கியது. அது என் குரலே இல்லை, அப்பாவுடைய குரல் என்று முப்பத்தெட்டு வயசில் அந்த நாற்காலியில்தான் எனக்குப் பிடிபட்டது.

ஊரில் இருப்பவர்கள் கட்டணம் கட்ட முடியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடலாம். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். என்னைப் போல லீவில் போகிறவர்கள் டிக்கெட் போட்ட கையோடு அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கிவிடுங்கள். தேடுவதிலேயே நாள் போய், எனக்குக் கிடைத்தது நாலு தடவைதான். மீதியை இப்போது வீடியோவில் தொடர்கிறோம், சனிக்கிழமை மதுரையில் ராத்திரி எட்டு மணி, எனக்கு மதியம் மூன்றரை.