டை கட்டிங் மெஷின்: ஐந்து வருஷம் கைப்பிடி சுற்றிய பிறகு

போன வாரம் மோல்மீனிலிருந்து எனக்குத் தங்கச்சி முறை ஆகிற ஒருத்தி போன் போட்டாள். ரங்கூனில் யாரோ ஒரு பெண் வெளிநாடு கிளம்புகிறாளாம். கையால் சுற்றுகிற டை கட்டிங் மெஷினைப் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிடுகிறாளாம். "அக்கா, உங்ககிட்ட இருக்கிறதும் இதே மெஷின்தானே? வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள். கேட்ட நேரம் சரியில்லை. லேத்துப் பட்டறையிலிருந்து என் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் கேட்டாள். "அப்புறம் பேசுறேன்டி" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

கம்பெனி பெயரை விடுங்கள். ஆறங்குல வாய், பக்கத்தில் கைப்பிடி, உள்ளே இரண்டு உருளை. முத்திரை குத்தி அட்டை செய்கிற ஸ்டாம்பிங், படம் ஒட்டி ஆல்பம் செய்கிற ஸ்க்ராப்புக் பக்கம் எட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: தாளைப் பூவாக, மயிலாக வெட்டித் தருகிற மெஷின், அந்த உருவத்தின் விளிம்பில் கூர் வைத்த உலோக அச்சுதான் டை. 2020-இல், ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னால், சிங்கப்பூர் மச்சான் பெட்டியில் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து உட்காரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இதைச் சுற்றித்தான்.

என் கோபம் முழுக்கப் பிளேட் மேல்.

இரண்டு பிளாஸ்டிக் பிளேட்டுக்கு நடுவில் தாளும் டையும் வைத்து உருளைக்குள் விடுகிறோம். டையின் விளிம்பு தாளை அறுத்துவிட்டுப் பிளேட்டிலும் ஒரு கீறல் போடும். அதைக் குறை சொல்ல மாட்டேன், அம்மி தேய்வது மாதிரி அது. ஆனால் வளைகிறதே! முதல் மாதத்திலேயே என் பிளேட் இரண்டும் தோணி மாதிரி நிமிர்ந்துகொண்டன. ஒவ்வொரு தடவையும் புரட்டிப் போடு, தலைமாற்றிப் போடு என்பார்கள். போடுகிறோம். மார்க்கர் பேனாவால் அம்புக்குறி வரைந்து, இந்தத் தடவை எந்தப் பக்கம் மேலே என்று கணக்கு வைத்துக்கொண்டு போடுகிறோம். ஐந்து பேர் அரட்டையில் கணக்கு நிற்குமா? தோணி திரும்பவும் தோணிதான்.

வளைந்த பிளேட்டில் பூ டையை வைத்தால் நடு இதழ் சுத்தமாக அறுந்து வரும், ஓரத்து இதழ் தாளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இழுத்தால் கிழியும். ஊசி வைத்து நெம்பவேண்டும். இல்லையென்றால் வெட்டாத இடத்துக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் கொடுத்து இன்னொரு சுற்று. அதற்கும் வெட்டவில்லை என்றால் இரண்டு தாள். எந்த இடத்துக்கு எத்தனை தாள் என்று என்னிடம் ஒரு மேப்பே இருக்கிறது. கார்ட்ஸ்டாக் என்கிற கெட்டித் தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன், பிறந்த பிள்ளையின் தடுப்பூசி அட்டை மாதிரி.

வேறு ஊர்க்காரர்கள் புதுப் பிளேட் ஆர்டர் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இங்கே பிளேட் வருவது ஆளோடு. யாராவது பாங்காக் போகவேண்டும், சிங்கப்பூர் போகவேண்டும், அவர்கள் பெட்டியில் இடம் இருக்கவேண்டும், நம் பர்மா பணம் கியாட் அந்த வாரம் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறது என்று பார்க்கவேண்டும். கல்யாணப் புடவைக்கு இடம் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு ஜோடி பிளாஸ்டிக் பலகைக்குக் கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அதனால் ஒரு தடவை புத்திசாலித்தனம் செய்தேன். கடைக்குப் பெயர்ப் பலகை செய்கிற இடத்தில் மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை அளவு பார்த்து அறுத்து வாங்கி வந்தேன். கண்ணாடி மாதிரி பளபளப்பு, துளி வளைவு இல்லை. எங்கள் ஐந்து பேரில் ஒருவரான டீச்சரக்கா கையால் தொட்டுப் பார்த்து, "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றார். இரண்டாவது சுற்றில் படார். ஒரு சில்லு பறந்து அலமாரி மேலிருந்த பிள்ளையாருக்குப் பின்னால் விழுந்தது. நல்லவேளை, எல்லோரும் கண்ணாடி போடுகிற வயசு. அக்ரிலிக் நொறுங்கும், இந்தப் பிளேட்டெல்லாம் பாலிகார்பனேட் என்கிற வேறு பிளாஸ்டிக், அது நொறுங்காது, வளைந்துகொடுக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அப்படிப் பார்த்தால் நான் இத்தனை நாள் திட்டிய வளைவுதான் இத்தனை நாள் எங்கள் கண்ணைக் காத்திருக்கிறது. தெரிந்தபிறகும் கோபம் குறையவில்லை, அது வேறு விஷயம்.

சரி, நல்லதையும் சொல்லவேண்டும். இந்த மெஷினுக்குக் கரண்ட் வேண்டாம். வெளியூர்க்காரர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். ரங்கூனில் இருப்பவர்கள் தாண்டமாட்டார்கள். நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் போகிற கரண்டில் குடும்பம் நடத்துகிறோம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் என்பதை அந்த வாரத்துக் கரண்ட் அட்டவணைதான் தீர்மானிக்கும். பகலில் யார் வட்டாரத்துக்கு முறையோ அங்கே எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு போவோம். முத்திரை மேல் பொடி தூவி உருக்குகிற எம்போஸிங் பாதியில் இருக்கும்போது ஃபேன் நிற்கும், விளக்கு போகும், சூடு காற்று ஊதுகிற ஹீட் கன் சத்தம் அடங்கும். மெஷின் மட்டும் மடக் மடக் என்று ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னலோரம் நகர்த்தி வைத்துக்கொண்டால் போதும். மோட்டார் வைத்த மெஷின் வாங்கிய, ரங்கூன் பொட்டத்தௌங் வட்டாரத்துச் சித்தி, இன்வெர்ட்டர் பேட்டரியா ஃப்ரிட்ஜா என்று கணக்குப் போட்டு, மெஷினைத் துணி போர்த்தி மூலையில் வைத்துவிட்டார். இப்போது என் கைப்பிடியைச் சுற்ற வருகிறார். வந்தால் விடமாட்டார், பத்துப் பேருக்கான அழைப்பிதழை அவரே சுற்றுவார்.

(ஹீட் கன் இல்லாமல் எம்போஸிங் பொடியை உருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். முடி காயவைக்கிற டிரையர் சரிப்படாது, சூடும் பத்தாது, பொடியையும் ஊதித் தள்ளிவிடும். சீக்கிரம் காயாத பிக்மெண்ட் இங்கில் முத்திரை குத்தி, பொடி தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, கனல் மட்டும் இருக்கிற கரியடுப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இடுக்கியால் பிடித்து, அடிப்பக்கமாகச் சூடு காட்டவேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. திடீரென்று ஒரு மூலையில் நெய் உருகுகிற மாதிரி பளபளப்பு ஓடும். அந்த நொடியே எடுத்துவிடவேண்டும். நான் இரண்டு தீபாவளி வாழ்த்து அட்டைகளை அடுப்புக்கே கொடுத்திருக்கிறேன்.)

இப்போது லேத்துக் கதை. ஷான் மாநிலத்தில் பிந்தயா பக்கம் ஷான் தாள் என்று கையால் ஒரு தாள் செய்வார்கள். மல்பெரிப் பட்டையை வேகவைத்து, அடித்துக் கூழாக்கி, தண்ணீரில் மிதக்கும் சட்டத்தில் பரப்பி, சட்டத்தோடு வெயிலில் சாய்த்து வைப்பார்கள். குடை செய்வதும் அந்தத் தாளில்தான். புரபைக் என்கிற பழைய மடிப்புச் சுவடிகளுக்கும் அந்த மாதிரிப் பட்டைத் தாள்தான். நாங்கள் ஆல்பம் தைப்பதை விட்டே நாளாகிறது. புரபைக் மாதிரி முன்னும் பின்னுமாக மடித்து, இரண்டு பக்கமும் அட்டை வைத்துவிடுகிறோம், கம்பியும் வேண்டாம், நூலும் வேண்டாம். கையில் எடுத்தால் துணி மாதிரி இருக்கும் அந்தத் தாளுக்கும் இந்த மெஷினுக்கும்தான் ஆகாது. தாளில் நார் நீளம். டை அறுத்தாலும் இரண்டு நார் பிடித்துக்கொண்டு விடாது. தைப்பூசத்துக்கு மயில் வெட்டுகிறேன் பேர்வழி என்று, அடியில் மூன்று தாள் கொடுத்து, இறுகுகிறது என்று தெரிந்தும் இரண்டு கையால் அழுத்திச் சுற்றினேன். உள்ளே மொடுக் என்று ஒரு சத்தம். கைப்பிடி சும்மா சுற்றியது, உருளை நகரவில்லை. மயில் கழுத்தோடு மாட்டிக்கொண்டது.

தப்பு என் பேரில்தான். இறுகினால் சுற்றாதே என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறான். ஆனால் இவ்வளவு கனமான இரும்பு மெஷினில் கைப்பிடி உட்காரும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் பல்லை வைத்தவனை என்னவென்று சொல்ல?

விற்ற இடத்துக்கு எழுதினேன். பதில் வந்தது, மரியாதையாகவே வந்தது. அந்தப் பாகம் தனியாகக் கிடைக்காதாம், புது மாடல் வந்திருக்கிறதாம், படம் அனுப்பினார்கள். இளநீல நிறம். படத்தைப் பார்த்துவிட்டு, மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு லேத்துக்குப் போனேன்.

பட்டறைக்காரர் மெஷினைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடியை ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சிரித்தார். "கரும்புச் சாறு மெஷின்தானே அன்ட்டி, சின்னதா இருக்கு" என்றார். அவர் செய்வதே தெருவோரக் கரும்பு மெஷின் ரிப்பேர்தான். இரண்டு உருளை, ஒரு பல்சக்கரம், ஒரு கைப்பிடி. கரும்புக்குப் பதில் காகிதம். ஐந்து வருஷமாக வெளிநாட்டுச் சாமான், தொடாதே என்று வீட்டில் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கழற்றிவிட்டார். பிளாஸ்டிக் பல் இருந்த இடத்தில் பித்தளையில் ஒன்று கடைந்து ஏற்றினார். கைப்பிடி இப்போது முன்னைவிடக் கனம். சுற்றும்போது ஒரு சின்ன உறுமல் சேர்ந்திருக்கிறது. கடைசியில் அவரே, "எத்தனை டம்ளர் வரும் அன்ட்டி?" என்றார்.

ஷான் தாளை அதோடு விட்டேன் என்று நினைக்காதீர்கள். கஞ்சிப் பசை போட்டு மெல்லிசு கார்டில் ஒட்டி, நன்றாகக் காயவிட்டு வெட்டினால் வருகிறது. அதைவிட நல்லது வெட்டாமலே விடுவது. தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் கோடு இழுத்து, ஈரம் இறங்கியதும் இரண்டு பக்கமும் மெதுவாகப் பிரித்தால் ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி நார் நீட்டிக்கொண்டு நிற்கும். மேகத்துக்கு அது, தாடிக்கு அது. எந்த டையும் அதைச் செய்யாது.

இந்த மெஷின் எனக்குக் கொடுத்த ஒரு மத்தியானத்தைச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. எங்கள் கூட்டத்தில் தாம்வே வட்டாரத்து அக்கா வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அவர் தாத்தா வைத்திருந்தது. உள்ளே ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள். 1964 மே மாதம் அந்த இரண்டு நோட்டும் செல்லாது என்று அறிவித்தபோது மாற்றப் போகாமல் வைத்துவிட்டாராம். அரசாங்கம் கடையை எடுத்துக்கொண்ட கையோடு நோட்டும் போனது. தம்பிமார் குடும்பத்தோடு கப்பல் ஏறி மெட்ராஸ் போய்விட்டார்கள், இவர் மட்டும் ஏறவில்லை. பெட்டியோடு இருந்துவிட்டார். எங்கள் வீட்டிலும் உண்டு, அப்பா காலத்து எழுபத்தைந்து கியாட், 1987-இல் செத்த நோட்டு. அதற்கப்புறம்தான் நாற்பத்தைந்து, தொண்ணூறு என்று ஒன்பதால் வகுபடுகிற நோட்டெல்லாம் வந்தது. சின்ன வயசில் வாய்ப்பாடு படித்ததே அதில்தான்.

அக்கா குடும்ப ஆல்பம் செய்ய உட்கார்ந்தார். தாத்தா படம், மெட்ராஸிலிருந்து வந்த நீல நிற ஏர்மெயில் கடிதம், கப்பல் படம் ஒன்று. ஒரு பக்கம் காலியாக நின்றது. நூறு கியாட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "பட்டாம்பூச்சி டை இருக்கில்ல, அதைக் கொடு" என்றார். டீச்சரக்கா, "ஐயோ, அப்படியே முழுசா ஒட்டிடலாமே, வெட்டணுமா?" என்றார். சித்தி எதுவும் சொல்லவில்லை. அக்காவே நோட்டை வைத்தார், அவரே டையை அடுக்கினார், பிளேட் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார். அவரே சுற்றினார். ஒரே சுற்று. அடித்தாள் வேண்டாம், ஊசி வேண்டாம். மேல் பிளேட்டை எடுத்ததும் ஒவ்வொன்றாகத் தானே கழன்று வந்தன, மீசை முதல் வால் வரை ஒரு இழை மிச்சமில்லாமல். ஐந்து வருஷத்தில் இந்த மெஷின் இவ்வளவு சுத்தமாக எதையும் வெட்டியதில்லை. கப்பல் படத்துக்கு மேலே வரிசையாக ஒட்டினார், பாதி உடம்பு மட்டும் பசையில், இறக்கை தூக்கிக்கொண்டு. தங்கரேக்கும் கொஞ்சம் வைக்கலாம் என்றேன், மாண்டலேயிலிருந்து வாங்கியது கையில் இருந்தது. அது புத்தருக்கு ஒட்டுகிறது, இதுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரி என்று விட்டுவிட்டோம்.

இவ்வளவு சொன்னபிறகு தங்கச்சிக்கு என் பதில்: வாங்காதே. அங்கே உனக்குச் சுற்ற ஆள் இல்லை, நீ தனி. பிளேட் வளையும்போது திட்டுவதற்காவது நாலு பேர் வேண்டும். உங்கள் ஊர் மழையில் கார்டெல்லாம் சுருண்டு மெஷின் வாய்க்குள் நேராகவே போகாது. முத்திரையும் இங்க் பேடும் ஒரு நல்ல கத்தரிக்கோலும் உனக்குப் போதும். விலை குறைந்துவிட்டதே என்று மட்டும் எதையும் வாங்காதே.

என்னுடையதை விற்பேனா என்று கேட்காதே. பித்தளைப் பல்லுக்குக் கொடுத்த காசு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணிடம் இன்னொரு தடவை பேசுவாய் அல்லவா? பெட்டியில் பிரிக்காத பிளேட் ஜோடி இருக்கிறதா என்று கேள். இருந்தால் வேறு யாரிடமும் சொல்லாதே, எனக்கு முதலில் போன் போடு. மெஷினோடு சேர்த்துத்தான் கொடுப்பேன் என்றாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன்.